ஷஃபிள் உண்மையிலேயே கலைக்கிறதா? பாட்டுப் பட்டியலை நாமே குலுக்கிப் போட ஒரு முழுமையான வழிகாட்டி

என்னுடைய பிளேலிஸ்ட்டில் 412 பாட்டு. அதில் ஏழெட்டுப் பாட்டை மட்டும் ஆப் தத்தெடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. ஷஃபிளைத் தட்டினால் அரை மணி நேரத்துக்குள் அவற்றில் ஒன்று வந்து நிற்கும். மற்ற நானூறும் எங்கே போய்த் தொலைந்தன என்று தெரியாது. "இது ஷஃபிளே இல்லை, எவனோ உள்ளே உட்கார்ந்துகொண்டு தனக்குப் பிடித்ததைப் போடுகிறான்" என்று கேட்பவர்களிடம் எல்லாம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

புலம்பி அலுத்த பிறகு ஒரு நோட்டை எடுத்தேன். 14 நாள், தினமும் ஷஃபிளைப் புதிதாகத் தட்டி, முதல் 20 பாட்டின் பெயரை எழுதினேன். மொத்தம் 280 வரி. எண்ணிப் பார்த்தால் 139 பாட்டு ஒரு முறை வந்திருந்தது. 55 பாட்டு இரண்டு முறை, 9 பாட்டு மூன்று முறை, ஒரே ஒரு பாட்டு நான்கு முறை. 208 பாட்டு தலையே காட்டவில்லை.

ஆப் கையும் களவுமாக மாட்டிக்கொண்டது என்றுதான் நினைத்தேன். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 412 பாட்டில் தினமும் 20-ஐ எந்தப் பாரபட்சமும் இல்லாமல் எடுத்தால், 14 நாளில் சராசரியாக என்ன வர வேண்டும்? ஒரு முறை வருபவை சுமார் 147, இரண்டு முறை 49, மூன்று முறை 10, நான்கு முறை ஒன்றோ இரண்டோ. ஒருமுறைகூட வராதவை 205. என் நோட்டும் இந்தக் கணக்கும் ஏறக்குறைய ஒன்றேதான். ஆப் யோக்கியமாகத்தான் கலைத்திருக்கிறது. என்னைக் கடுப்பேற்றிய அந்த ஏழெட்டுப் பாட்டும் பெரும்பாலும் சுத்தமான தற்செயல். ஒவ்வொரு முறை ஷஃபிளைத் தட்டும்போதும் ஆப் நேற்றைய வரிசையை மறந்துவிடுகிறது. என் பிரச்சினை அங்கேதான் இருந்தது.

உங்கள் ஆப் இதே மாதிரி யோக்கியமானதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பது எப்படி, எதுவாக இருந்தாலும் நமக்கு வேண்டிய கலைப்பை வாங்குவது எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன்: ரேண்டம் வேறு, ஷஃபிள் வேறு

ஒரு பானையில் 100 சீட்டு இருக்கிறது. ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பானையிலேயே போட்டு, குலுக்கி, அடுத்ததை எடுப்பது ஒரு வகை. இதில் அதே சீட்டு அடுத்தடுத்து இரண்டு முறைகூட வரலாம். எடுத்ததை வெளியே வைத்துவிட்டு, பானை காலியாகும்வரை எடுத்துக்கொண்டே போவது இன்னொரு வகை. இதில் 100 சீட்டும் வந்து முடியாமல் எதுவும் இரண்டாவது முறை வராது. முதலாவது ரேண்டம், இரண்டாவது ஷஃபிள். ஃபூபார்2000 போன்ற பழைய கணினி பிளேயர்கள் இந்த இரண்டையும் தனித்தனி விருப்பங்களாகவே வைத்திருக்கின்றன. ஸ்ட்ரீமிங் ஆப்களில் பொத்தான் ஒன்றுதான்.

பொத்தானின் பெயர் ஷஃபிள் என்றாலும் நம் பழக்கம் அதை ரேண்டம் ஆக்கிவிடுகிறது. தினமும் 20 பாட்டு கேட்டுவிட்டு நிறுத்தி, மறுநாள் புதிதாக ஷஃபிளைத் தட்டினால், எடுத்த 20 சீட்டையும் திரும்பப் பானைக்குள் போட்டதாகத்தான் அர்த்தம். என் 412 பாட்டை ஒரே வரிசையில் விடாமல் கேட்டால் 21 நாளில் எல்லாமே வந்துவிடும். தினமும் புதிதாகக் கலைத்தால் அதே 21 நாள் முடிவில் 145 பாட்டு கேட்காமலே கிடக்கும். கடைசிப் பாட்டும் ஒருமுறை வந்து சேர சராசரியாக 130 நாளுக்கு மேல் ஆகும்.

ஆப்கள் ஏன் கலைப்பைத் திருத்துகின்றன

இது கொஞ்சம் வரலாறு. அவசரம் என்றால் நேராகப் படி 1-க்குப் போய்விடுங்கள்.

சுத்தமான தற்செயல் நம் கண்ணுக்கும் காதுக்கும் தற்செயலாகத் தெரிவதில்லை. 1944-இல் ஜெர்மனியின் வி-1 குண்டுகள் லண்டனில் விழுந்தபோது, சில பகுதிகளைக் குறிவைத்து அடிக்கிறார்கள் என்று மக்கள் நம்பினார்கள். ஆர்.டி. கிளார்க் என்பவர் தெற்கு லண்டனை 576 சம சதுரங்களாகப் பிரித்து, அங்கே விழுந்த 537 குண்டுகளை எண்ணி 1946-இல் முடிவை வெளியிட்டார். 229 சதுரங்களில் ஒன்றுகூட விழவில்லை. 211-இல் ஒன்று, 93-இல் இரண்டு, 35-இல் மூன்று, 7-இல் நான்கு. கண்ணை மூடிக்கொண்டு வீசினால் என்ன வருமோ, ஏறக்குறைய அதேதான். என் நோட்டில் இருந்ததும் இதே வடிவம். தற்செயல் என்றால் சமமாகப் பரவும் என்று மனம் எதிர்பார்க்கிறது. அதுவோ கொத்துக் கொத்தாகத்தான் விழும்.

பாட்டு விஷயத்தில் இந்தத் தகராறு ஐபாட் காலத்திலேயே தொடங்கிவிட்டது. ஒரே பாடகரின் பாட்டு அடுத்தடுத்து வருகிறது, இது ரேண்டம் இல்லை என்று ஜனங்கள் குறைப்பட்டுக்கொண்டதால், 2005-இல் ஆப்பிள் ஐடியூன்ஸில் ஸ்மார்ட் ஷஃபிள் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ரேண்டமாகத் தோன்றுவதற்காக ரேண்டமைக் குறைக்கிறோம் என்று ஸ்டீவ் ஜாப்ஸே சொன்னார். ஸ்பாட்டிஃபையும் ஆரம்பத்தில் நேர்மையான கலைப்பையே வைத்திருந்தது. அங்கேயும் இதே புகார். ஒரே பாடகரின் பாட்டுகளைப் பட்டியல் முழுக்கப் பரப்பி வைக்கும் முறைக்கு மாறிவிட்டதாக அதன் பொறியாளர் ஒருவர் 2014-இல் விளக்கி எழுதினார். 2023-இல் ஸ்பாட்டிஃபையிலும் ஸ்மார்ட் ஷஃபிள் வந்தது. பெயர்தான் ஒன்று, வேலை வேறு. அது உங்கள் பட்டியலில் இல்லாத பாட்டுகளைப் பரிந்துரையாக நடுநடுவே செருகும். 2025-இல் சமீபத்தில் கேட்டவற்றைத் தள்ளிவைக்கும் ஒரு முறையும், சாதாரணக் கலைப்பும் தனித்தனியாகத் தரப்பட்டன.

ஆக, ஆப்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். நாம் கேட்டதைத்தான் கொடுத்தார்கள். இப்போது அதையே வேண்டாம் என்கிறோம், அவ்வளவுதான்.

படி 1: உங்கள் புகார் எது என்று முடிவு செய்யுங்கள்

"ஷஃபிள் சரியில்லை" என்ற ஒரே வாக்கியத்துக்குள் நான்கு வேறு புகார்கள் இருக்கின்றன. நேற்று கேட்டது இன்றும் வருகிறது என்பது மறதிப் புகார். அதற்கு மருந்து படி 5. ஒரே பாடகர் அடுத்தடுத்து வருகிறார் என்பது கொத்துப் புகார். அது பெரும்பாலும் நேர்மையான கலைப்பின் அடையாளமே, அதைத் தீர்க்க ரேண்டமைக் குறைக்க வேண்டும், கூட்டக்கூடாது. நான் சேர்க்காத பாட்டெல்லாம் வருகிறது என்றால் படி 2 போதும். சில பாட்டுகள் வருவதே இல்லை, பிரபலமானவை மட்டும் வருகின்றன என்ற சந்தேகம் இருந்தால் படி 4-இல் எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

படி 2: இடையில் புகுந்து கலைப்பவற்றை அணையுங்கள்

ஸ்பாட்டிஃபையில் ஷஃபிள் குறியைத் திரும்பத் தட்டும்போது சாதாரண ஷஃபிளும் ஸ்மார்ட் ஷஃபிளும் மாறிமாறி வரலாம். குறியின் பக்கத்தில் மினுக்கும் நட்சத்திரம் தெரிந்தால் நீங்கள் ஸ்மார்ட்டில் இருக்கிறீர்கள். ஆப்பிள் மியூசிக்கில் அடுத்து வரும் பாட்டுகளின் திரையில் முடிவிலிக் குறி, அதாவது படுத்த எட்டு மாதிரி ஒன்று இருக்கும். அது ஆட்டோபிளே. யூடியூப் மியூசிக்கிலும் வரிசைத் திரையில் ஆட்டோபிளேவுக்குத் தனி சுவிட்ச் உண்டு. பட்டியல் முடிந்ததும் ஆப் தானாகவே "இதே மாதிரி" பாட்டுகளைப் போடத் தொடங்குவது இதனால்தான். சின்னப் பட்டியல் வைத்திருப்பவர்கள் பட்டியல் எப்போது முடிந்தது என்றே கவனிக்காமல், ஷஃபிள் கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பார்கள்.

அமைப்புகளின் பிளேபேக் பகுதியையும் ஒருமுறை மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஷஃபிளின் வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் அங்கேதான் இருக்கும்.

படி 3: இரட்டைப் பிறவிகளைக் களையுங்கள்

ஒரே பாட்டு தனி வெளியீடாக ஒருமுறை, ஆல்பத்தில் ஒருமுறை, தொகுப்பில் ஒருமுறை என்று மூன்று இடத்தில் இருக்கும். மூன்றையும் நாம் வெவ்வேறு நாளில் சேர்த்திருப்போம். ஆப்புக்கு அவை மூன்று பாட்டு. நம் காதுக்கு ஒரே பாட்டு, மூன்று மடங்கு அடிக்கடி வருகிறது. பட்டியலைப் பெயர்வாரியாக வரிசைப்படுத்தினால் இரட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். என் 412 பாட்டு இதைச் செய்த பிறகு 397 ஆனது. நீக்கிய இரட்டைகளில் இரண்டு, ஆப் தத்தெடுத்த அந்த ஏழெட்டுப் பாட்டுக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

படி 4: எண்ணிப் பாருங்கள்

காதை நம்பாதீர்கள், பேனாவை நம்புங்கள். இரண்டு சோதனை போதும்.

முதலாவது கொத்துச் சோதனை. இதற்கென்று ஒரு பட்டியல் செய்துகொள்ளுங்கள்: 5 பாடகர், ஒவ்வொருவருக்கும் 20 பாட்டு, மொத்தம் 100. ஷஃபிளைத் தட்டி, வரிசைத் திரையில் தெரியும் ஒழுங்கைப் பாடகர்வாரியாக எழுதுங்கள். பெயர் எழுத வேண்டாம், ஒன்று முதல் ஐந்துவரை எண் போதும். வரிசை முழுதாகத் தெரியாவிட்டால் ஸ்கிப் பொத்தானை அழுத்திக்கொண்டே எழுதுங்கள். பிறகு பக்கத்தில் பக்கத்தில் ஒரே எண் வந்த இடங்களை எண்ணுங்கள். மூன்று சேர்ந்து வந்தால் இரண்டு இடம் என்று கணக்கு.

சூத்திரம் எளிது. ஒரு பாடகரின் பாட்டு எண்ணிக்கையை அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி, மொத்தப் பாட்டு எண்ணிக்கையால் வகுங்கள். 20 பெருக்கல் 19, வகுத்தல் 100 என்றால் 3.8. ஐந்து பாடகருக்கு 19. நேர்மையான கலைப்பில் சராசரியாக 19 இடத்தில் ஒரே பாடகர் அடுத்தடுத்து வந்தே தீர வேண்டும். 11 முதல் 27 வரை எது வந்தாலும் சரி என்று விடலாம். இரண்டோ மூன்றோதான் வந்தது என்றால் ஆப் பாடகர்களைப் பிரித்துப் பிரித்து வைக்கிறது. காதுக்கு "நல்ல ரேண்டம்" என்று படுவது அதுதான்.

இரண்டாவது மறதிச் சோதனை. அதே 100 பாட்டில் இன்று முதலில் வந்த 10-ஐயும் நாளை புதிதாகத் தட்டியதும் வரும் 10-ஐயும் எழுதுங்கள். இரண்டிலும் பொதுவாக இருப்பவை சராசரியாக ஒன்று. மூன்று நாளில் இரண்டு நாளாவது குறைந்தது ஒரு பாட்டு திரும்ப வரும், அது இயல்பு. நான்கோ அதற்கு மேலோ பொதுவாக இருப்பது நூற்றில் ஒரு தடவைகூட நடக்காத விஷயம். அது அடிக்கடி நடந்தால் உங்கள் சந்தேகம் நியாயமானது. எப்போதுமே பூஜ்யம் என்றால் ஆப் நேற்றையதை நினைவில் வைத்துத் தள்ளுகிறது.

ஒரே ஒரு நாள் எண்ணிவிட்டுத் தீர்ப்பு எழுதக்கூடாது. ஐந்தாறு தடவையாவது செய்யுங்கள். முதல் பாட்டை நீங்களே தேர்ந்தெடுத்துத் தட்டிவிட்டுப் பிறகு ஷஃபிளை இயக்கினால் அந்த முதல் பாட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நான் மூன்று நாள் இந்தத் தவறைச் செய்துவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று.

படி 5: வெளியே கலைத்து, உள்ளே வரிசையாகக் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். பட்டியலை ஆப்புக்கு வெளியே ஒருமுறை கலைத்து, அந்த ஒழுங்கிலேயே புதிய பிளேலிஸ்ட்டாக ஆக்கி, ஷஃபிளை அணைத்துவிட்டு மேலிருந்து கீழாகக் கேட்பது. கலைப்பு முழுக்க முழுக்க நேர்மையானது, கலைத்த வரிசையும் மாறாது. ஆப்பின் மூளைக்கு இதில் வேலையே இல்லை.

ஸ்பாட்டிஃபையின் கணினிச் செயலியில் இப்படிச் செய்யலாம். பட்டியலைத் திறந்து ஒரு பாட்டைச் சொடுக்கி, கன்ட்ரோல்-ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல்-சி அழுத்துங்கள். மேக் கணினி என்றால் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். பிறகு கூகுள் ஷீட்ஸில் ஒரு வெற்றுத் தாளைத் திறந்து முதல் கட்டத்தில் ஒட்டினால் பாட்டுகளின் இணைப்புகள் வரிக்கு ஒன்றாக வந்து விழும். பார்க்க அசிங்கமாக இருக்கும், கவலை வேண்டாம். கடைசி வரியின் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள், அது உங்கள் பாட்டு எண்ணிக்கைக்குச் சமமாக இருக்க வேண்டும்.

அந்தப் பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் ரேண்டமைஸ் ரேஞ்ச் என்பதைத் தட்டுங்கள். கலைந்துவிட்டது. எக்செல் வைத்திருப்பவர்கள் பக்கத்துப் பத்தியில் ராண்ட் சூத்திரத்தைப் போட்டுக் கடைசி வரி வரை இழுத்து, அந்தப் பத்தியை வைத்து வரிசைப்படுத்த வேண்டும். அங்கே ஒரு வேடிக்கை நடக்கும்: வரிசைப்படுத்தி முடித்த கணமே ராண்ட் எண்கள் எல்லாம் மாறிவிடும். பார்த்தால் வரிசையே ஆகாத மாதிரி இருக்கும். ஆகியிருக்கிறது, மறுபடி மறுபடி செய்ய வேண்டியதில்லை.

இப்போது கலைந்த இணைப்புகளை நகலெடுத்து, ஸ்பாட்டிஃபையில் வெறுமையான ஒரு புதிய பிளேலிஸ்ட்டைத் திறந்து, அதற்குள் கன்ட்ரோல்-வி அழுத்துங்கள். நான் ஒரே மூச்சில் ஒட்டாமல் நூறு நூறாக ஒட்டுவேன், எண்ணிக்கை சரிபார்க்க வசதி. ஒட்டிய பிறகு இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். பட்டியலின் வரிசை முறை கஸ்டம் ஆர்டரில் இருக்க வேண்டும். பெயர்வாரியாகவோ தேதிவாரியாகவோ இருந்தால் செய்த வேலை எல்லாம் வீண். ஷஃபிள் குறி அணைந்திருக்க வேண்டும். கைபேசியில் திறக்கும்போது பெரிய பிளே பொத்தானின் பக்கத்தில் ஷஃபிள் இன்னும் ஒளிர்ந்துகொண்டிருக்கும், நம்மில் பாதிப் பேர் அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

விட்ட இடம் நினைவில் இருக்க வேண்டுமே? நடுவில் வேறு ஆல்பம் ஒன்றைக் கேட்டுவிட்டால் ஆப் நம் இடத்தை மறந்துவிடும். நான் கண்டுபிடித்த வழி, கேட்டு முடித்தவற்றை அவ்வப்போது அந்தப் பட்டியலிலிருந்து அழித்துவிடுவது. அது எப்படியும் நகல்தானே, மூலப் பட்டியல் பத்திரமாக இருக்கிறது. மேலே எது இருக்கிறதோ அதுதான் அடுத்த பாட்டு. பட்டியல் காலியானால் மறுபடி ஒரு கலைப்பு.

ஆப்பிள் மியூசிக்கைக் கணினியில் பயன்படுத்துபவர்களுக்கு இன்னும் சொகுசான வழி ஒன்று இருக்கிறது. அங்கே ஸ்மார்ட் பிளேலிஸ்ட் என்ற வசதியில் விதிகளை நாமே எழுதலாம். கடைசியாகக் கேட்டது கடந்த 30 நாளுக்குள் இருக்கக்கூடாது என்று ஒரு விதி, ரேண்டமாகத் தேர்ந்தெடுத்து 25 பாட்டுக்கு மேல் வேண்டாம் என்று ஒரு வரம்பு. தானாகப் புதுப்பிக்கும் பெட்டியையும் டிக் செய்துவிட்டால், கேட்ட பாட்டு விலகி அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்காரும். பாட்டுகள் உங்கள் நூலகத்தில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும், அதுமட்டும்தான் நிபந்தனை. மறதிப் புகாருக்கு இதைவிட நல்ல மருந்து நான் பார்த்ததில்லை.

ஒரு தடை உண்டு. பல ஆப்களில் கட்டணம் இல்லாத கணக்குக்கு வரிசையாகக் கேட்கும் உரிமை முழுதாக இருக்காது. அப்படியானால் அடுத்த படி.

படி 6: கைபேசி மட்டும் இருந்தால்

"கேட்டது" என்று ஒரு பிளேலிஸ்ட் தொடங்குங்கள். மூலப் பட்டியலின் நகல் ஒன்றை எடுத்து அதை ஷஃபிளில் ஓடவிடுங்கள். ஒரு பாட்டு முடிந்ததும், அல்லது நாள் முடிவில் மொத்தமாக, கேட்டவற்றை நகலிலிருந்து "கேட்டது"க்கு மாற்றுங்கள். பானையிலிருந்து எடுத்த சீட்டை வெளியே வைப்பதைக் கையால் செய்கிறோம். சலிப்பான வேலைதான். 100 பாட்டுக்குள் என்றால் தாக்குப்பிடிக்கலாம்.

படி 7: கோப்புகள் சொந்தமாக இருந்தால்

பாட்டுகள் கோப்புகளாக உங்கள் கையில் இருந்தால் எல்லாமே சுலபம். ஃபூபார்2000-இல் எடிட் மெனுவுக்குள் சார்ட், அதற்குள் ரேண்டமைஸ். பட்டியலே கலைந்து உட்கார்ந்துவிடும், சேமித்துவைத்து வரிசையாகக் கேட்கலாம். ஆல்பங்களை உடைக்காமல் ஆல்பம் ஆல்பமாகக் கலைக்கும் விருப்பமும் அதில் இருக்கிறது. பல பாகங்களாக ஓடும் நீண்ட இசையைக் கேட்பவர்களுக்கு அது இல்லாமல் முடியாது. லினக்ஸ்காரர்களுக்கு ஷஃப் என்ற கட்டளை போதும், பாட்டு வரிசையைச் சேமிக்கும் எம்3யூ கோப்பை அதற்குள் விட்டால் வரிகள் கலைந்து வெளியே வரும். ஆனால் விரிவான வகை எம்3யூ கோப்பில் ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு வரி இருக்கும், ஒன்று விவரம், ஒன்று கோப்பின் இடம். அதை அப்படியே கலைத்தால் பெயர் ஒன்றும் பாட்டு ஒன்றுமாகிவிடும். விவர வரிகளை முதலில் நீக்குங்கள்.

நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு

சரியான கலைப்பு முறை ஒன்று பல ஆண்டுகளாகவே இருக்கிறது. ரொனால்ட் ஃபிஷரும் ஃபிராங்க் யேட்ஸும் 1938-இல் காகிதம், பென்சிலுக்காக எழுதியது. கணினிக்கு ஏற்றபடி ரிச்சர்ட் டர்ஸ்டன்ஃபெல்ட் 1964-இல் மாற்றினார். க, ச, ட, த, ப என்று ஐந்து பாட்டை வைத்துச் செய்து பார்ப்போம்.

கடைசி இடத்திலிருந்து தொடங்குகிறோம். 1 முதல் 5 வரை ஓர் எண்ணைக் குலுக்கி எடுக்கிறோம், 2 வந்தது. இரண்டாம் இடத்தில் இருக்கும் ச-வும் ஐந்தாம் இடத்தில் இருக்கும் ப-வும் இடம் மாறும்: க, ப, ட, த, ச. ஐந்தாம் இடம் முடிந்தது, இனி அதைத் தொட மாட்டோம். அடுத்து 1 முதல் 4 வரை குலுக்கினால் 4 வந்தது. த தன் இடத்திலேயே இருக்கட்டும். 1 முதல் 3 வரை குலுக்கினால் 1: க-வும் ட-வும் மாறி ட, ப, க, த, ச. கடைசியாக 1 அல்லது 2. 1 வந்தது: ப, ட, க, த, ச. முடிந்தது.

இதில் மூன்று இடத்தில் சறுக்குவார்கள். ஒவ்வொரு படியிலும் எல்லையைக் குறைக்காமல், எப்போதும் முழுப் பட்டியலிலிருந்தே எண்ணை எடுப்பது முதல் தவறு. மூன்று பாட்டில் இதைச் செய்தால் 27 சமவாய்ப்புள்ள வழிகள் கிடைக்கும், ஆனால் வரிசைகள் ஆறுதான். 27-ஐ ஆறால் மீதியில்லாமல் வகுக்க முடியாது. மூன்று வரிசைகளுக்கு ஐந்து வழியும் மற்ற மூன்றுக்கு நான்கு வழியும் போய்ச் சேரும். இரண்டாவது, "தன் இடத்திலேயே இருக்கிறதே, இது என்ன கலைப்பு" என்று அதைத் தடுப்பது. அப்படிச் செய்தால் ஐந்து பாட்டின் 120 வரிசைகளில் 24 மட்டுமே வரும். மூன்றாவது, வரிசைப்படுத்தும் கட்டளைக்கு "எது பெரியது என்று சும்மா எதையாவது சொல்" என்று கொடுத்துவிடுவது. மைக்ரோசாஃப்ட் 2010-இல் ஐரோப்பாவில் காட்டிய உலாவித் தேர்வுப் பக்கத்தில் இதைத்தான் செய்திருந்தார்கள். ஐந்து உலாவிகளும் சமமாக இடம் மாற வேண்டிய அந்தப் பக்கத்தை இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் திறந்தால், அதே எக்ஸ்புளோரர் ஏறக்குறைய பாதித் தடவை கடைசி இடத்தில் வந்து நின்றது. தன் பொருளைத் தானே கடைசியில் தள்ளிக்கொண்ட பாரபட்சம்.

வளிமண்டல இரைச்சலிலிருந்து எண் எடுத்துத் தரும் ரேண்டம்.ஆர்க் மாதிரி தளம் வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. 1998 முதல் இருக்கும் நல்ல தளம், அங்கேயே பட்டியலைக் கலைக்கும் வசதியும் இருக்கிறது. கோட்பாட்டுக்கு வேண்டுமானால், 32 பிட் விதையில், அதாவது கலைப்பைத் தொடங்கிவைக்கும் 32 பிட் நீள எண்ணில், தொடங்கும் கலைப்பால் அதிகபட்சம் 4,29,49,67,296 வரிசைகளைத்தான் உண்டாக்க முடியும். 13 பாட்டுக்கே 6,22,70,20,800 வரிசைகள் சாத்தியம், ஆகவே சில வரிசைகள் வரவே வராது. உண்மைதான். ஆனால் அதை எந்தக் காதும் கண்டுபிடிக்காது. பாட்டு கேட்க ஷீட்ஸின் கலைப்பு தாராளம்.

கொத்து வேண்டாம் என்பவர்களுக்கு

எண்ணிப் பார்த்தீர்கள், ஆப் நேர்மையானது என்று தெரிந்துவிட்டது, ஆனாலும் ஒரே குரல் மூன்று பாட்டு தொடர்ந்து வந்தால் எரிச்சலாக இருக்கிறது. அதில் தப்பில்லை. பரப்பி வைக்கும் முறையை அதே தாளில் நாமே செய்துகொள்ளலாம். ஒட்டப்படும் இணைப்புகளில் பாடகர் பெயர் இருக்காது என்பதால் பக்கத்துப் பத்தியில் அதை நாமே எழுத வேண்டும். அது ஒன்றுதான் இதில் கை வலிக்கும் வேலை.

பட்டியல் முழுவதையும் 0 முதல் 100 வரை நீளும் ஒரு கோடாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாடகருக்கு நான்கு பாட்டு என்றால் இடைவெளி 25. முதலில் அந்த நான்கையும் தங்களுக்குள் கலையுங்கள். பிறகு 0 முதல் 25 வரை குலுக்கி ஒரு தொடக்க எண்ணை எடுங்கள், 11 என்று வைத்துக்கொள்வோம். நான்கும் 11, 36, 61, 86 என்று அமரும். இயந்திரத்தனம் தெரியாமல் இருக்க ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று எண் முன்னே பின்னே தள்ளுங்கள். ஒரே பாட்டு உள்ள பாடகருக்கு 0 முதல் 100 வரை எந்த எண்ணும் வரலாம். எல்லாருக்கும் எண் கொடுத்த பிறகு அந்த எண்களை வைத்து வரிசைப்படுத்தினால் வேலை முடிந்தது. பட்டியலில் பாதிக்கு மேல் ஒரே பாடகர் என்றால் எந்த முறையாலும் பிரிக்க முடியாது, அது கலைப்பின் குற்றமில்லை.

புதிய பாட்டு சேரும்போது

உறைந்த வரிசையின் கடைசியில் புதிய பாட்டுகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அவை வர மாதக்கணக்காகும். மேலே செருகினால் எல்லாம் ஒன்றாக வந்து முடிந்துவிடும். இன்னும் கேட்காத மிச்சப் பாட்டுகளையும் புதியவற்றையும் சேர்த்து, அந்தக் கூட்டத்தை மட்டும் தாளில் ஒருமுறை கலைத்து மறுபடி ஒட்டுங்கள். கேட்டவை அடுத்த சுற்றுவரை காத்திருக்கட்டும். நான் மாதம் ஒருமுறை இதைச் செய்கிறேன், ஐந்து நிமிட வேலை. போன தடவை இப்படிக் கலைத்தபோது, புதிதாகச் சேர்த்த ஆறு பாட்டில் மூன்று முதல் பத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டன. மறுபடி கலைக்கலாமா என்று கை பரபரத்தது. அடக்கிக்கொண்டு அப்படியே கேட்டேன்.